வேட்டைக் கலப்புக்கு எந்த மேய்ப்பு நாய்?

கேள்வி: என்னிடம் நல்ல வேகமுள்ள கிரேஹவுண்ட் பெட்டை ஒன்று இருக்கிறது. முயலைத் துரத்துவதில் குறை சொல்ல முடியாது. ஆனால் கூப்பிட்டால் வருவதில்லை, முயல் புதருக்குள் மறைந்துவிட்டால் தேடாமல் நின்றுவிடுகிறது. மேய்ப்பு நாயோடு சேர்த்தால் அறிவுள்ள வேட்டைக் குட்டிகள் பிறக்கும் என்கிறார்கள். கண்காட்சியில் பரிசு பெற்ற ரஃப் கோலி, பண்ணையில் ஆடு மேய்க்கும் பார்டர் கோலி, மந்தைக்குக் காவல் இருக்கும் மாரெம்மா என மூன்று கடுவன்கள் கிடைக்கின்றன. இவற்றில் எது மிகவும் அறிவானது?

பதில்: அறிவு என்று எதைக் கருதுகிறீர்கள் என்பதை நீங்கள் சொல்லவில்லை. ஆனால் உங்கள் பெட்டையின் குறைகள் இரண்டைச் சொல்லியிருக்கிறீர்கள். அவற்றிலிருந்து தொடங்குவதே முறை. கூப்பிட்டால் வராதது பெரும்பாலும் பழக்கியவரின் குறை. பழக்கத்தால் திருத்த வேண்டியதைக் கலப்பினால் திருத்த நினைப்பவர், பிறக்கும் குட்டிகளையும் அதே போலப் பழக்காமல் விடக்கூடும். மேய்ப்பு நாயின் இரத்தம் கலந்த குட்டியை அப்படி விட்டால், அது கூப்பிடும்போது வராததோடு நிற்காமல் அடுத்தவர் ஆட்டு மந்தையையும் கலைத்துவிட்டு வரும். மறைந்த முயலைத் தேடாதது வேறு வகைக் குறை. கண்ணால் கண்டதைத் துரத்துவதற்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட இனம் கிரேஹவுண்ட். கண்ணுக்குத் தெரியாததை மோப்பத்தால் தொடர்வதும், அடுத்து என்ன செய்வது என்று மனிதன் முகத்தைத் திரும்பிப் பார்ப்பதும் அதனிடம் குறைவாகவே இருக்கும். இந்த இரண்டாவது குறைக்குத்தான் கலப்பு ஓரளவு உதவும்.

பிரிட்டனில் இப்படிப் பிறக்கும் நாய்க்கு லர்ச்சர் என்று பெயர். அது ஓர் இனமன்று. கிரேஹவுண்ட் அல்லது விப்பெட் போன்ற ஓட்ட நாயோடு மேய்ப்பு நாயையோ டெரியரையோ சேர்த்துப் பெறும் கலப்பு, அவ்வளவே. ஓட்ட நாயிடமிருந்து வேகமும், மேய்ப்பு நாயிடமிருந்து சொல் கேட்கும் குணமும் நாள் முழுவதும் தாக்குப்பிடிக்கும் உடலும் வர வேண்டும் என்பதே அதன் நோக்கம். வர வேண்டும் என்பதற்கும் வரும் என்பதற்கும் உள்ள தூரத்தைத்தான் உங்களுக்கு ஆசை காட்டியவர்கள் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள். 2022ஆம் ஆண்டு சயன்ஸ் இதழில் வெளிவந்த, 18,000க்கும் மேற்பட்ட நாய்களின் உரிமையாளர்களிடம் திரட்டிய தகவல்களைக் கொண்ட ஆய்வு ஒன்று, தனித்தனி நாய்களின் நடத்தை வேறுபாட்டில் ஏறத்தாழ 9 விழுக்காட்டை மட்டுமே இனத்தைக் கொண்டு விளக்க முடியும் என்று கண்டது. மனிதன் சொல்லுக்கு இணங்கும் தன்மை மற்றக் குணங்களைவிட இனத்தோடு சற்று நெருங்கியிருந்தது என்பது உண்மைதான். ஆனாலும் பொருள் மாறவில்லை. இனத்தின் பெயரைத் தேர்ந்தெடுப்பதால் பயன் குறைவு. குறிப்பிட்ட அந்த நாயைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மேய்ப்பு நாய் செய்வதும் ஒரு வகையில் வேட்டைதான். ஓநாயின் வேட்டை இரையைக் கவனித்தல், உற்றுப் பார்த்தல், பதுங்கி நெருங்குதல், துரத்துதல், கவ்வுதல், கொல்லுதல் என்ற வரிசையில் போகிறது என்றும், மனிதன் வெவ்வேறு வேலைகளுக்காக இந்த வரிசையின் வெவ்வேறு பகுதிகளை வளர்த்தும் அடக்கியும் நாயினங்களை உருவாக்கினான் என்றும் அமெரிக்க உயிரியலாளர் ரேமண்ட் காப்பிங்கர் விளக்கினார். பார்டர் கோலியிடம் உற்றுப் பார்த்தலும் பதுங்குதலும் துரத்தலும் மிகையாக வளர்ந்திருக்கின்றன. கவ்வுதலும் கொல்லுதலும் அடங்கியிருக்கின்றன. மாட்டின் குதிகாலைக் கடித்து ஓட்டும் ஆஸ்திரேலியன் கேட்டில் டாக் போன்ற இனங்களில் கவ்வுதல் மீதமிருக்கிறது. மந்தைக் காவல் நாயிடமோ இந்த வரிசை முழுவதுமே மங்கிப்போயிருக்கும். ஆட்டுக்குட்டி குறுக்கே ஓடினாலும் துரத்தத் தோன்றாத நாயைத்தான் அந்த வேலைக்குத் தேடித் தேடி வளர்த்திருக்கிறார்கள். எனவே மாரெம்மாவை இப்போதே பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். அது மந்தையோடு வாழ்வதால் நீங்கள் அதை மேய்ப்பு நாயோடு சேர்த்து எண்ணிவிட்டீர்கள்; அது மேய்ப்பதில்லை, காக்கிறது.

ரஃப் கோலியை மறுப்பதற்கு வேறு காரணங்கள் உண்டு. பரிசு தோற்றத்துக்குக் கிடைத்தது. அதன் தந்தையும் பாட்டனும் ஒரு நாளாவது ஆட்டின் பின்னால் போனதுண்டா என்று வளர்ப்பவரிடம் கேட்டுப் பாருங்கள். அதைவிட முக்கியமானது எம்டிஆர்1 என்ற மரபணுப் பிறழ்வு. இது உள்ள நாய்களுக்கு, மற்ற நாய்கள் தாங்கும் அளவிலான, ஒட்டுண்ணிகளுக்குத் தரும் ஐவர்மெக்டின் போன்ற மருந்துகளே மூளையைத் தாக்கி உயிருக்கு ஆபத்தாக முடியலாம். ரஃப் கோலிகளில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினிடம் இந்தப் பிறழ்வு காணப்படுகிறது. பார்டர் கோலிகளில் அது மிக அரிது. நீள்முடி விப்பெட் என்ற ஓட்ட நாயினத்தில் பாதிக்கும் மேற்பட்டவற்றிடம் இதே பிறழ்வு இருப்பது, எப்போதோ கலந்த கோலி இரத்தம் எதையெல்லாம் விட்டுச் செல்லும் என்பதற்கு நேரடிச் சான்று. கோலிகளுக்கே உரிய கண் குறைபாடும் அந்த இனத்தில் சேர்ந்தே காணப்படுகிறது. கிரேஹவுண்ட் ஏற்கெனவே சில மயக்க மருந்துகளிலிருந்து தாமதமாக எழும் இனம் என்பதால், குட்டிகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவருக்குப் பெற்றோர் இருவரின் இனத்தையும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

ஆக, மிஞ்சுவது பார்டர் கோலி. ஆனால் அதையும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கக் கூடாது. இன்றைய பார்டர் கோலிகள் அனைத்தின் வம்சாவளியிலும் 1893இல் இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்தில் பிறந்த ஓல்டு ஹெம்ப் என்ற கடுவன் இடம்பெறுகிறது. குரைக்காமல், கடிக்காமல், பார்வையாலேயே ஆடுகளை நகர்த்தியதுதான் அதன் புகழ். அந்தப் பார்வை இடையனுக்கு வரம். உங்களுக்கு அதுவே தொல்லையாக முடியும். பார்வை மிகுந்த கோலி, இரையைக் கண்டதும் தரையோடு தரையாகப் படுத்து உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கும். அந்தக் குணம் குட்டிக்கு வந்தால், முயல் வளைக்குள் போய்ச் சேரும்வரை உங்கள் நாயும் அதைப் பார்த்துக்கொண்டே இருக்கும். ஆகவே தலையை நிமிர்த்தி, நின்ற நிலையில் வேலை செய்கிற, முரட்டு ஆடு எதிர்த்து நின்றால் தயங்காமல் நெருங்கிப் போகிற கோலியாக அது இருக்க வேண்டும். ஆட்டை ஓரளவு கவ்விப் பார்க்கும் கோலியை இடையன் கழித்துவிடுவான். உங்கள் வேலைக்கு அது பெரிய குற்றமில்லை. ஆனால் சத்தமிட்டு ஓட்டும் கோலி ஆகாது. நியூசிலாந்தின் ஹண்ட்அவே போன்ற இனங்களில் குரைப்பே தொழில். வேட்டையில் அது இரைக்கு முன்னறிவிப்பு.

பண்ணைக்கு நேரில் போய், ஒரு முறைக்கு இரண்டு முறையாக அது வேலை செய்வதைப் பாருங்கள். ஓட்டத்தின் நடுவே நில் என்றால் நிற்கிறதா, ஆடு கண்ணுக்கு மறைந்தால் மூக்கைத் தரையில் வைக்கிறதா, வழி தெரியாதபோது எசமானரைத் திரும்பிப் பார்க்கிறதா என்ற மூன்றும் அதன் சான்றிதழைவிட அதிகம் சொல்லும். பட்டாசுக்கும் இடிக்கும் அது எப்படி இருக்கும் என்றும் கேளுங்கள். திடீர் ஓசைக்கு அஞ்சுவது பார்டர் கோலிகளில் அடிக்கடி காணப்படும் குணம், துப்பாக்கியோடு போகும் வேட்டைக்கு அது அறவே ஒத்துவராது. கடுமையாக ஓடிய சில நிமிடங்களில் கால் தள்ளாடி, நினைவு மங்கி நிற்கும் ஒரு கோளாறும் இந்த இனத்தில் உண்டு. வெயில் நாளில் அப்படி ஒரு முறையாவது நடந்திருந்தால் அந்தக் கடுவனை விட்டுவிடுங்கள். கண் குறைபாட்டுக்கும் மற்றப் பரம்பரை நோய்களுக்கும் மரபணுச் சோதனை எளிதாகச் செய்யக்கூடியது. அவற்றில் பல இரு பெற்றோரிடமிருந்தும் வந்தால்தான் வெளிப்படும் என்பதால் முதல் கலப்பில் தெரியாமல் மறைந்திருந்து, பின்னொரு தலைமுறையில் மீண்டும் கோலியைச் சேர்க்கும்போது தலைகாட்டும். புள்ளியும் திட்டுமாக நிறம் சிதறிய மெர்ல் நாய்கள் கண்ணுக்கு அழகு. ஆனால் மெர்லோடு மெர்லைச் சேர்த்தால் சராசரியாக நான்கில் ஒரு குட்டிக்கு அந்த மரபணு இரட்டிப்பாகி, செவிடாகவோ பார்வைக் குறையுடனோ பிறக்கும் ஆபத்து மிகுதி. கிரேஹவுண்டோடு சேர்க்கும்போது அந்த ஆபத்து இல்லை. உடன்பிறந்த குட்டிகளைப் பின்னால் தங்களுக்குள் சேர்க்கும் எண்ணம் இருந்தால் உண்டு.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடலாம். பியர்டட் கோலி, அதாவது தாடிக் கோலியின் வேலை செய்யும் வம்சம் கிடைத்தால் அதையும் பாருங்கள். அதற்கு உற்றுப் பார்த்து நிற்கும் குணம் குறைவு, துணிவு அதிகம். இன்னொரு நன்மை தோலில் இருக்கிறது. கிரேஹவுண்டின் தோல் மெல்லியது, முள்ளிலும் கம்பியிலும் எளிதில் கிழியும். பார்டர் கோலியின் நீள்முடி மரபில் ஒடுங்கும் பண்பு என்பதால் முதல் கலப்புக் குட்டிகள் பெரும்பாலும் குட்டை முடியோடுதான் பிறக்கும். தாடிக் கோலியின் மீசைமுடியோ ஓங்கும் பண்பு, ஆகவே முதல் கலப்பிலேயே சொரசொரப்பான முடி வந்துவிடும். ஆனால் குரைத்து ஓட்டும் பழக்கம் தாடிக் கோலிகளில் கூடுதல் என்பதையும் மறக்க வேண்டாம்.

அளவைப் பொறுத்தவரை, உங்கள் பெட்டை தாயாக இருப்பது நல்லதே. பெரிய தாய்க்குச் சிறிய தந்தை என்றால் குட்டி ஈனும்போது சிக்கல் குறையும். சரிபாதிக் கலப்பு மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டி ஓடும் கிரேஹவுண்டின் வேகத்தை எட்டாது. வேகம் போதவில்லை என்று அந்தக் குட்டியை மீண்டும் கிரேஹவுண்டோடு சேர்ப்பவர்கள் உண்டு. அப்போது கோலியின் பங்கு சராசரியாகக் கால்பங்காகிவிடும், நீங்கள் தேடிப் போன குணமும் அதோடு குறையும். வேகம்தான் முதலில் வேண்டும் என்றால் கலப்பே வேண்டாம், இருக்கும் பெட்டையையே ஒழுங்காகப் பழக்குங்கள்.

நாயை விட்டு வேட்டையாடுவது உங்கள் நாட்டுச் சட்டத்தில் அனுமதிக்கப்பட்டதா என்பதை இவற்றுக்கெல்லாம் முன்னதாகத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். லர்ச்சரின் தாயகமான இங்கிலாந்திலும் வேல்சிலுமே 2004ஆம் ஆண்டின் வேட்டைச் சட்டம் 2005 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தபின், குழிமுயலை (ராபிட்) நாயால் துரத்திப் பிடிப்பது குற்றம் இல்லை, ஆனால் நிலம் சொந்தமாகவோ உரியவரின் அனுமதியோடோ இருக்க வேண்டும். பெரிய வயல்முயலை (ஹேர்) அப்படித் துரத்துவது குற்றம். நாய் இந்த வேறுபாட்டை அறியாது. பிடித்திருப்பவர்தான் அறிந்திருக்க வேண்டும்.

பார்டர் கோலி மேலே சொன்னவற்றில் தேறினால் சேர்க்கலாம். ஓர் ஈற்றில் ஆறேழு குட்டிகள் பிறக்கலாம். ஓராண்டு நிரம்புவதற்கு முன் அவற்றைக் கடுமையாக ஓடவிடக் கூடாது என்பதால், எது வேட்டைக்கு ஆகும் என்று தெரிய ஒன்றரை ஆண்டாவது பிடிக்கும்; வேலைக்கு ஆகாதவையும் அதுவரை உண்டு, ஓடி, உங்கள் கவனத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும். அவற்றை யார் வைத்துக்கொள்வார்கள் என்பது பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரி கூட இல்லை. அந்த வரியை எழுத முடிந்த பிறகு பெட்டையின் அடுத்த பருவத்தைப் பற்றி யோசியுங்கள்.