எதிரொலியும் கோணிச் சாக்கும்

வணக்கம் ஐயா. நான் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் வளர்ந்தவன், அம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறார். வேலை விஷயமாக ஆகஸ்டில் லண்டன் போகிறேன். ராயல் ஆல்பர்ட் ஹாலில் கோடைதோறும் நடக்கும் புரோம்ஸ் என்ற மேற்கத்திய இசை விழாவின் கச்சேரி ஒன்றுக்குப் போகலாமா? மேற்கத்திய இசை எனக்கு ஒன்றும் தெரியாது. கோட்டு சூட்டு கட்டாயமா? அந்த மண்டபத்தின் படங்களைப் பார்க்கும்போது, தோட்டத்து ஆள்களான நமக்கு உட்கார்ந்து இசை கேட்கும் பழக்கமே இருந்ததில்லையோ என்று வருத்தமாக இருக்கிறது.
க.

அன்புள்ள தம்பி,

கோட்டு வேண்டாம். இசை தெரிந்திருக்கவும் வேண்டாம். அன்றைக்கே வாங்குகிற நின்று கேட்கும் டிக்கெட் சில பவுண்டுதான். மேடைக்கு நேர் எதிரே நிற்கலாம், நல்ல சப்பாத்தாகப் போட்டுக்கொண்டு போ. கேட்டதற்குப் பதில் முடிந்தது.

ஆனால் அந்தக் கடைசி வரியை எழுத உனக்கு எப்படிக் கை வந்தது?

அந்த மண்டபத்தின் கதையே எதிரொலியின் கதைதான். விக்டோரியா ராணியின் கணவர் ஆல்பர்ட் 1861-ல் இறந்துபோனார், அவர் ஆசைப்பட்ட மண்டபத்தைக் கட்டப் பணம் போதவில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இருக்கைகளை ஒன்று 100 பவுண்டு என்று 999 ஆண்டுக்கு விற்றார்கள். இங்கே மூன்று தலைமுறை கித்தா (ரப்பர்) மரத்தில் பால் வெட்டியவனுக்குத் தோட்டம் கைமாறியதும் லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) கதவில் காலிசெய்யச் சொல்லி நோட்டீஸ் ஒட்டினார்கள், அங்கே ஒரு நாற்காலிக்கு 999 வருஷம்! சரி, அதை இன்னொரு நாள் பேசுவோம்.

1871 மார்ச் 29, திறப்பு விழா. பிஷப் ஜெபம் செய்து 'ஆமென்' என்றார், கூரை இன்னொரு 'ஆமென்' சொன்னது. தரையிலிருந்து குமிழ்க் கூரை 40 மீட்டர் உயரம், சத்தம் மேலே போய்த் திரும்ப ஏறக்குறைய கால் நொடி ஆகும். அவ்வளவு தாமதமாக வந்தால் காது அதை இரண்டாவது சத்தமாகவே எடுத்துக்கொள்ளும். போதாததற்கு, வளைந்த கூரை சத்தத்தைக் குவித்து வேறு அனுப்பியது. பிரிட்டிஷ் இசையமைப்பாளர் தன் படைப்பை இரண்டு தடவை கேட்க முடிகிற ஒரே இடம் இதுதான் என்று அவர்களே கேலி பேசினார்கள். கூரைக்கடியில் துணி கட்டிப் பார்த்தார்கள், அப்புறம் 1949-ல் அலுமினியத் தகடு. புரோம்ஸ் கச்சேரிகள் 1895-லிருந்து நடந்துவந்த குவீன்ஸ் ஹால் 1941-ல் குண்டில் எரிந்துபோக, ஒலிக்குப் பேர்போன அந்த இடத்தை விட்டு இந்த எதிரொலிக்குள்தான் ஜனங்கள் வந்து நின்றார்கள். 1969-ல்தான் கூரையிலிருந்து கண்ணாடி இழைத் தட்டுகள் 135 தொங்கவிட்டார்கள். காளான் என்று அவற்றுக்குப் பட்டப்பெயர். ஏறக்குறைய நூறு வருஷ வேலை, தம்பி.

இப்போது நம் தோட்டத்துக் கொட்டகைக்கு வா. தகரக் கூரை, சிமெண்டுத் தரை. என் பெரியப்பா காலையில் பால்மரம் வெட்டி, மதியம் பாலை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு, ராத்திரியில் பஜனைக்கு ஆர்மோனியம் வாசிப்பவர். 1974 அல்லது 75, திருவிழாவுக்கு முந்தின வாரம், காலிக் கொட்டகையின் நடுவில் நின்று ஒரே ஒரு தடவை கை தட்டினார். தலையைச் சாய்த்துக் கேட்டார். நான்கு அடி தள்ளிப் போய் மறுபடியும் ஒரு தட்டு. மறுநாள் தோட்டத்துக் கடையிலிருந்து காலி அரிசிச் சாக்குகளை வாங்கிவந்து, கம்பியில் கோத்துக் குறுக்குச் சட்டங்களில் தொங்கவிட்டார், ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற என் தலையெல்லாம் தவிட்டுத் தூசி. "கொட்டகையில என்னய்யா, நெல்லு காயப்போடுறியா?" என்று தோட்டத்துக் கணக்கர் கிராணி சிரித்தார். பெரியப்பா பதில் சொல்லவில்லை, கை தட்டிக் காட்டினார். சத்தம் போன இடத்திலேயே செத்துப்போனது. அன்று ராத்திரி நடுப்பாட்டில் தகரத்தில் மழை இரைந்தபோது ஆர்மோனியத்தை மூடிவிட்டு உட்கார்ந்தார், நூறு பேரும் எழுந்து போகாமல் மழை விடட்டும் என்று அவரோடு உட்கார்ந்திருந்தார்கள். பழக்கம் இல்லையாம்!

இருந்த பழக்கத்தை நாம்தான் தொலைத்தோம். போன மாதம் டவுனில் ஒரு கல்யாண மண்டபத்தில் இருந்தேன். ஏர்கோன், பளபளக்கும் டைல்ஸ், ஆள் உயர ஸ்பீக்கர் நான்கு. மாப்பிள்ளையின் மாமா பத்து நிமிஷம் வாழ்த்திப் பேசினார், ஒரு சொல்கூடத் தெளிவாக விழவில்லை, எல்லாரும் கை தட்டினார்கள். நான் எழுந்து போய்ச் சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னேன். அந்தப் பையன் "கேக்கலையா அங்கிள்?" என்று இன்னும் கூட்டிவைத்தான். காது கேட்காத கிழவன் என்று நினைத்துவிட்டான் போல.

போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாக அண்ணாந்து பார். காளான்கள் இப்போது 85 என்கிறார்கள், 2001-ல் குறைத்துவிட்டார்களாம், எண்ணிச் சொல். அதற்கு முன்னால் அம்மாவிடம், உங்கள் தோட்டத்துக் கொட்டகையில் என்ன தொங்கியது என்று ஒரு வார்த்தை கேட்டு எழுது.

படம் எடுத்தால் மேடையை எடுக்காதே, கூரையை எடு.