கிருமி தின்ற புழு: 3,000 மரபணுக்களும் எதிர்ப்பு சக்திதானா?

கேள்வி: சி. எலிகன்ஸ் என்ற ஆய்வகப் புழுக்களை, நோய் தரும் பாக்டீரியாவான சூடோமோனாஸ் பிஏ14 பரப்பிய தட்டில் 24 மணி நேரம் விட்டு ஆர்என்ஏ எடுத்து, எந்த மரபணு எவ்வளவு இயங்குகிறது என்று பார்க்க வெளியே சீக்வென்ஸிங் கொடுத்தேன். தொற்று மாதிரி ஒன்று, ஓபி50 (புழுவின் வழக்கமான உணவான ஈ. கோலை பாக்டீரியா) மாதிரி ஒன்று. சுமார் 3,000 மரபணுக்கள் மாறியிருப்பதாக ரிப்போர்ட். எல்லாமே நோயெதிர்ப்பு மரபணுக்களா?

பதில்: இல்லை. நான்காம் லார்வா பருவத்தில் விட்ட புழு, 24 மணி நேரத்தில் ஓபி50 தட்டில் முட்டையிடத் தொடங்கிவிடும். பிஏ14 தின்றது நோய்ப்பட்டுப் பின்தங்கும். மஞ்சள்கரு, மேல்தோல் புரத மரபணுக்கள் அதனாலேயே ஏகத்துக்கும் மாறும். ஒரே வயதுப் புழுக்களை எடுத்து, 4 அல்லது 8 மணி நேரத்தில் நிறுத்துங்கள். பாக்டீரியாவைத் தட்டு முழுக்கப் பரப்புங்கள். நடுவில் மட்டும் வைத்தால் புழு வெளியே ஓடிவிடும், பட்டினி கிடந்த புழுவைத்தான் அளப்பீர்கள்.

அடுத்து, அந்த ஒற்றை மாதிரி. இதைச் சொல்லாமல் விட எனக்கு மனசு வராது. "ஒன்று போதும், அனலிசிஸ் இலவசம், தீசிஸ் அத்தியாயமும் எழுதித் தருகிறோம்" என்று பேசும் ஏஜென்டுகள் பெருகிவிட்டார்கள். ஒரு மாதிரியில் தட்டுக்குத் தட்டு வரும் வேறுபாட்டை அளக்கவே முடியாது. பிறகு மாற்றம் தற்செயலா இல்லையா என்று சொல்லும் அந்த பி-மதிப்பு எங்கிருந்து வந்தது? தனித்தனியாக வளர்த்த 3 தொகுதிகளாவது வேண்டும். ஒரே டியூபை மூன்றாகப் பிரிப்பது கணக்கில் சேராது. மூலத் தரவுக் கோப்புகளைக் கையில் வாங்காமல் பாக்கிப் பணம் கொடுக்காதீர்கள். நிதியைத் தாமதமாக விட்டுவிட்டு மார்ச் 31-க்குள் செலவுக் கணக்கு கேட்டால், மாணவர் இவர்களிடம் போகாமல் வேறு என்ன செய்வார்? இந்த முறை மாறியே ஆக வேண்டும்.

ஒரு விதிவிலக்கை மட்டும் நன்றாக மனதில் வையுங்கள். புழுவின் எதிர்ப்பு சக்தியை இயக்கும் பிஎம்கே-1 என்ற புரதத்தின் பாதை இல்லாத புழு பிஏ14-இல் சீக்கிரம் சாகும் என்பது 2002-லேயே தெரிந்தது. அதனால் தொற்றில் ஏறும் ஐஆர்ஜி-1 என்ற மரபணு கூடியிருந்தால் "பிஎம்கே-1 வேலை செய்கிறது" என்று எழுதிவிடுகிறார்கள். தவறு. பிஎம்கே-1 இல்லாத புழுவிலும் ஐஆர்ஜி-1 ஏறும். சூடோமோனாஸின் நச்சு, செல்லின் புரத உற்பத்தியைத் தடுக்கிறது. அந்தத் தடை வந்ததும் ஜிப்-2 என்ற, மரபணுக்களை இயக்கும் புரதம் ஐஆர்ஜி-1-ஐ இயக்குகிறது. நச்சை மட்டும் ஈ. கோலை வழியாக ஊட்டினாலும் ஏறும். ஆக, ஐஆர்ஜி-1 தொற்றுக்கு அடையாளம்தான், பிஎம்கே-1-க்குச் சாட்சி அல்ல. அதற்கு பிஎம்கே-1-ஐச் சார்ந்து ஏறும் டி24பி8.5 மரபணுவைப் பாருங்கள்.

மீதி ஆர்என்ஏ மைனஸ் 80 டிகிரி உறைபெட்டியில் இருக்கிறதா? சரி, முதலில் இந்த இரண்டு மரபணுக்களையும் கியூபிசிஆரில் (குறிப்பிட்ட மரபணுவின் அளவை மட்டும் அளக்கும் சோதனை) பாருங்கள். புதுத் தொகுதிகள் வளர்வதற்குள் முடிந்துவிடும்.