மத்திய மாகாணமும் ஊவாவும்: மலைக்கு கோச்சி (ரெயில்) எப்படி போச்சு?

இலங்கையில பக்கத்து பக்கத்துல இருக்கிற இந்த ரெண்டு மலை மாகாணத்துக்கும் ரெயில் எப்ப வந்துச்சுன்னு கேட்டிருக்கீங்க. மத்திய மாகாணத்து கண்டிக்கு 1867லயே வந்துடுச்சு, கோப்பி ஏத்தத்தான், அப்புறம் கோப்பி நோயில அழிஞ்சு தேயிலை வந்ததும் பாதை மேல மேல ஏறி 1885ல நானுஓயா, அப்புறம் ஊவாவுல 1894ல பண்டாரவளை, கடைசியா 1924லதான் பதுளை. பட்டிப்பொல ஸ்டேஷன் தாண்டி ஒரு சுரங்கம் வரும், அதுல நுழையும்போது மத்திய மாகாணம், வெளிய வந்தா ஊவா, காத்தே மாறிடும்! தெமோதரையில பாதை ஒரு சுத்து சுத்தி ஸ்டேஷனுக்கு அடியிலயே போகும். சிங்கள ஊர்களோட, ரெண்டு பக்கமும் தோட்டத்துல நம்ம மலையகத் தமிழர்தான், அவங்க முன்னோர் தமிழ்நாட்டுலேர்ந்து கப்பல்ல மன்னார் வந்து காட்டு வழியா மாத்தளைக்கு நடந்தே வந்தவங்க, வழியில செத்தவங்க ஏராளம், அத முதல்ல சொல்லணும்.