பிங்குக்குப் பதில் சொன்னது யார்?

கேள்வி: சேலம் லீ பஜாரில் ஜவ்வரிசி மொத்த வியாபாரம் செய்கிறோம். கடையில் இருக்கும் விண்டோஸ் கணினிதான் பில்லிங் சர்வர். அதில் எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருள் ஓடுகிறது. பின்பக்க குடோனில் ஒரு கணினி, ஏற்காடு நாகலூரில் காபித் தோட்டம் பார்க்கும் தம்பியிடம் ஒரு லேப்டாப், இரண்டும் அந்த சர்வரோடு சேரும். போன வாரம் வேறு இணைய இணைப்புக்கு மாறினோம், ரூட்டரும் புதிது. அன்றிலிருந்து இரண்டுமே சேரவில்லை. குடோனில் ‘சர்வர் கிடைக்கவில்லை’ என்று சட்டென்று வந்துவிடுகிறது. ஆனால் ‘இருக்கிறாயா’ என்று கேட்கும் பிங் சோதனையைப் போட்டால், சர்வரின் முகவரியான 192.168.1.10 ஒழுங்காகப் பதில் தருகிறது, டிடிஎல் 64 என்று காட்டுகிறது. கடைக் கணினியில் பில் போட முடிகிறது. பார்க்க வந்தவர் டேட்டாபேஸ் கெட்டுவிட்டது, விண்டோஸையே அழித்துவிட்டு முதலில் இருந்து போடவேண்டும் என்கிறார். போடலாமா?

பதில்: தொடாதீர்கள். கடையில் பில் விழுகிறதென்றால் டேட்டாபேஸ் நன்றாகத்தான் இருக்கிறது. அது கெட்டிருந்தால் முதலில் கடைதான் நின்றிருக்கும்.

ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் எண் போட்டு வைத்திருக்கிறார்கள். வண்டி நின்றுவிட்டால் ‘பதினான்காவது வளைவு’ என்று போனில் சொன்னால் போதும், மெக்கானிக் நேராக அங்கே வந்துவிடுவார். போர்ட் சோதனையும் அப்படித்தான். போர்ட் என்பது ஒரு கணினியில் ஒவ்வொரு சேவைக்கும் உள்ள எண்ணிட்ட வாசல்; அது திறந்திருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பதே சோதனை. எந்த வளைவில் நிற்கிறோம் என்று தெரிவதற்குள் எஞ்சினை இறக்கச் சொல்பவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள்.

உங்கள் கடிதத்திலேயே விடை பாதி இருக்கிறது: டிடிஎல் 64. விண்டோஸ் கணினி பிங்குக்குப் பதில் தரும்போது அந்த எண்ணை 128 என்று வைத்து அனுப்பும். லினக்ஸில் ஓடும் கருவிகள் 64 என்று அனுப்பும். வழியில் ஒவ்வொரு ரூட்டரைத் தாண்டும்போதும் ஒன்று குறையும். ஒரே கடைக்குள் குறைய வழியில்லை. ஆகவே 192.168.1.10 என்ற முகவரியில் இப்போது பதில் சொல்வது உங்கள் சர்வர் இல்லை. சிசிடிவி ரெக்கார்டரோ யாருடைய ஆண்ட்ராய்டு போனோ அங்கே உட்கார்ந்திருக்கிறது. புது ரூட்டர் எல்லாருக்கும் முகவரியைப் புதிதாகப் பங்கு போட்டிருக்கிறது, உங்கள் சர்வருக்கு வேறு எண் விழுந்திருக்கிறது. எர்ரர் சட்டென்று வருவதும் இதோடு பொருந்துகிறது: எஸ்க்யூஎல் சர்வர் வழக்கமாகக் காத்திருக்கும் 1433-ஆம் போர்ட்டைக் கேட்டால் கேமரா ரெக்கார்டர் ‘இங்கே அப்படி ஒன்றும் இல்லை’ என்று உடனே மறுத்துவிடும்.

சர்வர் கணினியில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து ஐபிகான்ஃபிக் போட்டுப் பாருங்கள். அது காட்டும் ஐபி முகவரி 192.168.1.10 இல்லாமல் வேறாக இருந்தால் சந்தேகம் தீர்ந்தது. ரூட்டரில் முகவரிகளைப் பங்கு போடும் டிஎச்சிபி பக்கத்தில் அட்ரஸ் ரிசர்வேஷன் என்று இருக்கும். அதில் சர்வரின் மேக் முகவரிக்கு (நெட்வொர்க் கார்டுக்கே உரிய அடையாள எண்) 192.168.1.10-ஐ நிரந்தரமாக ஒதுக்கிவிட்டு, ரூட்டர், ரெக்கார்டர், சர்வர் மூன்றையும் ஒருமுறை அணைத்துப் போடுங்கள். பழைய எண்ணே திரும்பிவிடுவதால் குடோன் கணினியில் எதையும் மாற்ற வேண்டியதில்லை.

இதற்குப் பிறகும் சேராவிட்டால்தான் போர்ட் சோதனை. பவர்ஷெல்லைத் திறந்து டி, என், சி என்ற மூன்று ஆங்கில எழுத்துகள், இடைவெளி, சர்வரின் ஐபி, இடைவெளி, ஒரு சிறு கோடு (-), அதை ஒட்டி ‘போர்ட்’ என்ற ஆங்கிலச் சொல், இடைவெளி, 1433 என்று தட்டுங்கள். கடைசி வரியில் ‘ட்ரூ’ என்றால் வழி திறந்திருக்கிறது, ‘ஃபால்ஸ்’ என்றால் இல்லை. முதல் முறை இதைக் குடோனில் செய்யாதீர்கள், சர்வர் கணினியிலேயே செய்யுங்கள். அங்கேயே ஃபால்ஸ் என்றால் நெட்வொர்க்கைத் திட்டிப் பயனில்லை, அந்தப் போர்ட்டில் எஸ்க்யூஎல் காத்திருக்கவில்லை. எக்ஸ்பிரஸ் பதிப்புக்கு ஒரு பழக்கம் உண்டு, 1433-ஐ விட்டுவிட்டுத் தானாக ஏதோ ஒரு போர்ட்டை எடுத்துக்கொள்ளும். கான்ஃபிகரேஷன் மேனேஜரில் டிசிபி/ஐபி பகுதிக்குப் போய், ‘டைனமிக் போர்ட்ஸ்’ கட்டத்தை வெறுமையாக்கி, கீழே 1433 என்று எழுதி, சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால் நிலையாக நிற்கும்.

சர்வரில் ட்ரூ, குடோனில் ஃபால்ஸ் என்றால் இடையில் எதுவோ மறிக்கிறது. இங்கே அனுபவமுள்ளவர்களே ஏமாறுவார்கள். பதில் உடனே மறுப்பாக வந்தால் ‘ஆள் இல்லை’, இருபது விநாடி இழுத்துக்கொண்டு வந்தால் உள்ளே வருவதை மறிக்கும் ‘ஃபயர்வால்’ என்று பாடம் சொல்வார்கள். லினக்ஸுக்குப் பெரும்பாலும் சரி. ஆனால் ஃபயர்வால் ஓடும் விண்டோஸ், ஆளே இல்லாத போர்ட்டுக்கு வந்த கோரிக்கையையும் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். அதனால்தான் சர்வரிலேயே முதல் சோதனை என்றேன்.

உங்கள் விஷயத்தில் நான் சந்தேகப்படுவது நெட்வொர்க் புரொஃபைலை. ரூட்டர் மாறினால் விண்டோஸ் அதைப் புது நெட்வொர்க்காகவே பார்க்கும். பெரும்பாலும் ‘பப்ளிக்’ என்று முத்திரை குத்திவிடும். முன்பு ஃபயர்வாலில் போட்ட அனுமதி ‘பிரைவேட்’டுக்கு மட்டும் என்றால் அது இப்போது செல்லாது. செட்டிங்ஸில் போய் பிரைவேட் என்று மாற்றுங்கள், ஒரு நிமிட வேலை. ஃபயர்வாலையே அணைத்துவிட்டு ‘சரியாகிவிட்டது’ என்று கிளம்புபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சோதிக்க ஒரு நிமிடம் அணைக்கலாம், அப்படியே விட்டுப்போகக் கூடாது.

தம்பி கதை வேறு. பழைய இணைப்பில், வெளியிலிருந்து வருவதை ரூட்டர் சர்வருக்குத் திருப்பிவிடும் போர்ட் ஃபார்வர்டிங் போட்டு வைத்திருந்தீர்கள் என்று நினைக்கிறேன். புது ரூட்டரில் அதைப் போடுவதற்கு முன் அதன் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வான் ஐபியை, அதாவது ரூட்டரின் வெளிப்பக்க முகவரியைப் பாருங்கள். 100.64-இல் தொடங்கி 100.127 வரையிலான எண்ணோ, 10-இல் தொடங்கும் எண்ணோ இருந்தால், ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்கிட்டுத் தரும் சிஜிநாட் இணைப்பு அது. உங்கள் ரூட்டரில் எந்தப் போர்ட்டைத் திறந்தாலும் வெளியிலிருந்து வருவது அதுவரை வந்து சேராது.

எனக்கு அதில் வருத்தமில்லை. எஸ்க்யூஎல் போர்ட்டை இணையத்துக்குத் திறந்து வைத்தது ஆரம்பத்திலேயே தவறு. 2003 ஜனவரியில் உலகத்தையே ஆட்டிவைத்த ஸ்லாமர் என்ற கணினிப் புழு இதே எஸ்க்யூஎல் சர்வரின் யூடிபி 1434 போர்ட் வழியாகத்தான் பரவியது. நிலையான பொது ஐபி கேட்டு வாங்கி வயர்கார்டு விபிஎன் (இணையத்துக்குள் உங்களுக்கு மட்டுமான மறைவழி) வைக்கலாம். அது தோதுப்படாவிட்டால் டெயில்ஸ்கேல் போன்ற ஒன்றைச் சர்வரிலும் லேப்டாப்பிலும் போடுங்கள். இரண்டு பக்கமும் உள்ளிருந்து வெளியே போய்க் கைகோத்துக்கொள்வதால் சிஜிநாட் அதற்குத் தடையில்லை. பிறகு தம்பி நாகலூரில் இருந்தே டெயில்ஸ்கேல் தந்த முகவரிக்கு அதே டி.என்.சி. சோதனையைப் போட்டுப் பார்க்கட்டும். லேப்டாப்பைக் கடைக்குக் கொண்டுவந்து உங்கள் வைஃபையில் சோதித்தால் வெளிவழி வேலை செய்கிறதா என்பதே தெரியாது. மழைக்காலத்தில் தோட்டத்துப் பள்ளத்தில் டவர் கிடைக்காமல் ஃபால்ஸ் வந்தால், ஒண்டிக்கடை வரை ஏறிவந்து இன்னொருமுறை போட்டுப் பார்த்துவிட்டு எனக்கு எழுதச் சொல்லுங்கள்.