மூடினால் அணைய வேண்டும்: காந்த சுவிட்ச் கேள்வி-பதில்

கேள்வி: மூடியில் காந்தம், உள்ளே அதை உணரும் ஏ3144 ஹால் சென்சார் வைத்து ஒரு சிறு கருவி செய்தேன். திறக்காமலே வைத்திருந்தாலும் 1000 எம்ஏஎச் (மில்லிஆம்பியர்-மணி) லித்தியம் செல் பத்து நாளில் தீர்ந்துவிடுகிறது. செல் போலியா?

செல்லைச் சந்தேகிக்காதீர்கள். ஏ3144 உறங்காத சென்சார். காந்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சுமார் 4 மில்லிஆம்பியர் எடுத்துக்கொண்டே இருக்கும். ஒரு நாளைக்கு 96 எம்ஏஎச், பத்து நாளைக்கு 960. கணக்கு சரியாகத்தானே வருகிறது! போதாததற்கு அது கேட்பது குறைந்தது 4.5 வோல்ட், முழுதாகச் சார்ஜ் ஏறிய லித்தியம் செல்லே 4.2தான். மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக எல்லோரும் இதையே வாங்குகிறார்கள். மோட்டார் வேகம் அளக்க நல்ல சரக்கு, பேட்டரிக் கருவிக்கு ஆகாது.

டிஆர்வி5032 போன்ற உறங்கும் வகை ஹால் சென்சாரைத் தேடுங்கள். 1.65 வோல்ட்டிலேயே இயங்கும். நொடிக்கு 20 முறை மட்டும் கண் விழித்துக் காந்தம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி உறங்கிவிடும் ரகம் சராசரியாக எடுப்பது 1.6 மைக்ரோஆம்பியர்தான். செல் சும்மா கிடந்து தானாக இறங்குவதே இதைவிட அதிகம். காந்தம் விலகியதும் இதன் வெளியீடு உயரும். அதை, கருவிக்கு மின்சாரம் தரும் ரெகுலேட்டரை இயக்கி அணைக்கும் எனேபிள் முனையில் கொடுத்தால் மூடி திறக்கும்போது கருவி இயங்கும்.

கேள்வி: காந்தம் அருகே வந்தால் இணையும் ரீட் சுவிட்ச் போதாதா? அது மின்சாரமே எடுக்காதே.

தாராளமாகப் போதும். வீட்டில் செய்பவர்களுக்கு நான் முதலில் சொல்வதும் அதைத்தான். 1936-இல் பெல் ஆய்வகத்தில் எல்வுட் உருவாக்கிய இந்தக் கண்ணாடிக் குழாய்க்கு இன்னும் வேலை இருக்கிறது. ஆனால் மொத்த மின்னோட்டத்தையும் அதன் வழியே விடாதீர்கள். கருவியிலுள்ள கெப்பாசிட்டர் நிரம்பும் அந்த ஒரு நொடிப் பாய்ச்சலில் உள்ளிருக்கும் இரு தகடுகளும் பற்றவைத்ததுபோல் ஒட்டிக்கொள்ளும்; அதன்பின் அது அணையாது. சுமையை பி-சேனல் மாஸ்ஃபெட் என்ற மின்னணு சுவிட்சிடம் விடுங்கள்; சோர்ஸ், கேட் என்பவை அதன் கால்கள். அதன் சோர்ஸ் பேட்டரியின் பாசிட்டிவில். கேட்டிலிருந்து கிரவுண்டுக்கு 1 மெகாஓம் ரெசிஸ்டர். கேட்டுக்கும் சோர்ஸுக்கும் நடுவே ரீட். மூடினால் ரீட் இணையும், மாஸ்ஃபெட் அணையும். அப்போது கசிவது சுமார் 4 மைக்ரோஆம்பியர்தான். கால் கம்பியை வளைக்கும்போது கண்ணாடிக்கும் வளைவுக்கும் நடுவில் குறடால் பிடித்துக்கொள்ளுங்கள்; இல்லையேல் குழாய் விரிசல் விடும்.

கேள்வி: காந்தத்தை ரீட்டின் நடுவில் ஒட்டவைத்தும் அசைவில்லை.

காந்தத்தின் துருவ முனையை நேராக நடுவில் நீட்டியிருப்பீர்கள். அங்கே இரு தகடுகளும் ஒரே துருவமாகிவிடும், சேராது. காந்தத்தைக் குழாய்க்கு இணையாகப் படுக்கவையுங்கள், அல்லது ஒரு முனைப் பக்கம் நகர்த்துங்கள்.

கேள்வி: அப்பா பேஸ்மேக்கர் வைத்திருக்கிறார். இப்படிப்பட்ட கருவியைச் சட்டைப்பையில் வைக்கலாமா?

வேண்டாம். பேஸ்மேக்கருக்குள்ளும் இதே போன்ற காந்த உணரி உண்டு. காந்தம் அருகே வந்தால் இதயத் துடிப்பைக் கவனிக்காமல் நிலையான வேகத்தில் துடிக்கவைக்கும் முறைக்கு அது மாறக்கூடும். காந்தமுள்ள செல்போன்களை 15 சென்டிமீட்டர் தள்ளி வைக்கும்படி அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ 2021-இல் அறிவுறுத்தியது. உங்கள் கருவிக்கும் அதே இடைவெளியைக் கடைப்பிடியுங்கள்; மேற்கொண்டு அவருடைய இதய மருத்துவரைக் கேளுங்கள்.