வேலை போகப்போகிறது, நாவல் எழுத உட்காரலாமா?

கேள்வி: எனக்கு வயது 42. இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றில் கிளெய்ம் பிரிவில் 17 வருடமாக இருக்கிறேன். எங்கள் கிளையை மூடுகிறார்கள். இன்னும் மூன்று மாதத்தில் வேலை போய்விடும். த்ரில்லர் எழுத்தாளர் லீ சைல்டுக்கும் நாற்பது வயதில்தான் வேலை போனதாம். ஆறு டாலருக்குப் பேப்பரும் பென்சிலும் வாங்கிவந்து எழுத உட்கார்ந்தாராம். அதைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. வேறு வேலை தேடாமல் நானும் முழுநேரம் த்ரில்லர் எழுதலாமா? இத்தனை வருடம் நான் பார்த்ததெல்லாம் சலிப்பான ஃபைல்கள். மூன்று வார இடைவெளியில் போட்ட இரண்டு ஆஸ்பத்திரி பில்களில் எண்கள் அடுத்தடுத்து இருந்ததைக் கண்டுபிடித்ததுதான் நான் செய்த பெரிய சாகசம். வேலை போவது மனைவிக்குத் தெரியும். நாவல் ஆசையை இன்னும் சொல்லவில்லை.
– பெயர் வேண்டாம் என்ற வாசகர்

பதில்:

தம்பி, எழுதுங்கள். ஆனால் வேலை தேடுவதை நிறுத்தாதீர்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு, நீங்கள் சொன்ன அதே லீ சைல்டின் வாழ்க்கையையே எடுத்துக்கொள்வோம்.

பேப்பர், பென்சில் கதை உண்மைதான். அவருடைய அறிமுகக் குறிப்பிலேயே அது வருகிறது. ஆனால் அந்தக் கதையை எல்லோரும் வேலை போன நாளிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். அதற்கு முன்னால் 18 வருடம் இருக்கிறது. உங்களுக்குத் தேவையானது அந்த 18 வருடத்தில்தான் இருக்கிறது.

அவருடைய சொந்தப் பெயர் ஜிம் கிரான்ட். 1954-ல் இங்கிலாந்தின் கவென்ட்ரியில் பிறந்தவர். ஷெஃபீல்டில் சட்டம் படித்தார், வக்கீலாகவில்லை. 1977-ல் மான்செஸ்டரில் கிரனாடா டெலிவிஷனில் வேலைக்குச் சேர்ந்தார். ஒளிபரப்புப் பிரிவு. 40,000 மணி நேரத்துக்கும் மேலான நிகழ்ச்சிகளை ஒளிபரப்பியதில் அவருக்குப் பங்கு உண்டு. நடுநடுவே ஆயிரக்கணக்கில் விளம்பரங்களும் செய்திக் குறிப்புகளும் எழுதினார். வெளியிலிருந்து பார்த்தால் இதுவும் உங்கள் ஃபைல்களைப் போலத்தான் தெரியும்.

அந்த வேலையில் ஒரு சிக்கல் வந்தது. வீடுகளுக்கு ரிமோட் வந்துவிட்டது. முன்பெல்லாம் சேனல் மாற்ற எழுந்து போக வேண்டும். சோம்பலில் ஜனங்கள் அப்படியே உட்கார்ந்திருப்பார்கள். இப்போது விளம்பரம் வந்த உடனே விரல் அழுத்திவிடுகிறது. என்ன செய்வது? இடைவேளைக்கு முன்னால் ஒரு கேள்வியைப் போட்டார்கள். பதிலை இடைவேளை முடிந்ததும் சொன்னார்கள். அந்தக் கேள்வியில் பெரிய அக்கறை இல்லாதவர்கூட, பதில் தெரியாமல் நகர முடியாமல் உட்கார்ந்திருந்தார்.

பிற்காலத்தில் சஸ்பென்ஸ் பற்றி எழுதிய கட்டுரை ஒன்றில் லீ சைல்டே இதைச் சொல்கிறார். கேக் எப்படிச் செய்வது என்று கேட்காதீர்கள், வீட்டில் இருப்பவர்களுக்கு எப்படிப் பசியைக் கிளப்புவது என்று கேளுங்கள் என்பது அவருடைய வாதம். சாப்பாட்டுக்குக் காக்க வைத்தால் பசி தானாக வரும். எழுத்தைப் பற்றி நான் படித்த யோசனைகளில் இதைவிடப் பயனுள்ளது குறைவு. ஒரு தொழிலை வருடக்கணக்காகப் பார்த்தவருக்குத்தான் இப்படிச் சொல்ல வரும்.

1995-ல் கம்பெனியில் ஆட்களைக் குறைத்தார்கள், அவருக்கும் வேலை போனது. அங்கே தொழிற்சங்கப் பிரதிநிதியாகவும் இருந்தவர் என்பதால், நடக்கப்போவது அவருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. அப்புறம் அவர் செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். தனக்கு வந்த நிலைமையையே தன் கதாநாயகனுக்கும் கொடுத்தார். ஜாக் ரீச்சர் ராணுவப் போலீஸில் மேஜர். ராணுவத்தில் ஆள்குறைப்பு வருகிறது, வெளியே வருகிறான். வீடில்லை, பெட்டியில்லை, மடக்கும் டூத்பிரஷ் ஒன்றுதான் சொத்து. வேலை போனவனின் பயத்தை எடுத்துச் சுதந்திரமாகத் திருப்பிப் போட்டிருக்கிறார் பாருங்கள்!

முதல் நாவலான ‘கில்லிங் ஃப்ளோர்’ 1997-ல் வெளிவந்தது. அதன் ஆரம்பத்தைக் கவனியுங்கள். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு சிற்றூர். சின்ன உணவகத்தில் ஒருவன் முட்டை சாப்பிட்டுக்கொண்டு காபி குடிக்கிறான். போலீஸ் வந்து கைது செய்கிறது. ஏன் என்று அவனுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. பக்கத்தைப் புரட்டுகிறோம். ரிமோட் காலத்தில் கற்ற அதே வித்தை.

இனி உங்கள் வீட்டு விஷயம். அவருக்கு வேலை போனது 1995, புத்தகம் வந்தது 1997. நடுவில் கிட்டத்தட்ட இரண்டு வருடம். அந்தப் புத்தகத்துக்கு முதல் நாவலுக்கான ஆன்தனி விருது (மர்மக் கதைகளுக்குக் கொடுக்கும் விருது) கிடைத்தது, பின்னால் அவருடைய புத்தகங்கள் 10 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றன. இவ்வளவு நன்றாக நடந்தவருக்கே அந்த இரண்டு வருடம் இருந்தது என்றால், உங்களுக்கும் எனக்கும் எவ்வளவு ஆகும் என்று யோசியுங்கள். ஆகவே கையில் வரும் பணம் எத்தனை மாதம் தாங்கும் என்று மனைவியோடு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். ஆசையை மறைத்து வைத்துக்கொண்டு அந்தக் கணக்கைப் போட முடியாது.

ரீச்சர் என்ற பெயர் வந்த கதை தெரியுமா? லீ சைல்ட் நல்ல உயரம். மனைவியோடு சூப்பர் மார்க்கெட் போயிருந்தபோது, உயரத் தட்டிலிருக்கும் சாமானை எடுத்துத் தரச் சொல்லி ஒரு பாட்டி அவரிடம் கேட்டார். எழுத்து கைகொடுக்காவிட்டால் இங்கேயே எட்டி எடுத்துக் கொடுக்கும் வேலைக்குச் சேர்ந்துவிடலாம் என்றார் மனைவி. எட்டி எடுப்பவர், அதாவது ரீச்சர். எழுத்து பலிக்காமல் போகலாம் என்பதையும் கணவனும் மனைவியும் கடையில் நின்று பேசிக்கொள்ள முடிந்த வீடு அது. உங்கள் வீட்டிலும் அந்தப் பேச்சு இன்றைக்கே ஆரம்பிக்கட்டும்.

எழுதுவதற்கு விடியற்காலை ஒன்றரை மணி நேரம் போதும், தினமும் அதே நேரம். முதல் நாவலைத் தொடங்கிய செப்டம்பர் 1-ஆம் தேதியிலேயே ஒவ்வொரு வருடமும் அடுத்த நாவலைத் தொடங்குவது லீ சைல்டின் வழக்கமாக இருந்தது. மனநிலை வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. முழுக்கதையையும் முன்கூட்டியே திட்டமிட்டதும் இல்லை. அதில் மட்டும் அவரைப் பின்பற்ற வேண்டியதில்லை, உங்களுக்கு எது வசதியோ அப்படிச் செய்யுங்கள்.

எதை எழுதுவது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் சலிப்பு என்று ஒதுக்கிய வரியிலேயே அதைச் சொல்லிவிட்டீர்கள். மூன்று வார இடைவெளியில் இரண்டு பில், எண்கள் மட்டும் அடுத்தடுத்து. அந்த மூன்று வாரமும் அந்த ஆஸ்பத்திரியில் வேறு யாருக்குமே பில் போடவில்லையா? இல்லை, இரண்டையும் ஒரே இரவில் உட்கார்ந்து யாராவது எழுதினார்களா? இதைப் படித்தபோது நான் காபியைக் கீழே வைத்துவிட்டேன். ஊர், பெயர், ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். நிஜ ஃபைலில் இருந்தவர்களை அடையாளம் காணும்படி எதுவும் இருக்கக்கூடாது. அந்த மேஜை, அந்த விளக்கு வெளிச்சம், இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த அந்த நிமிடம் மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும். நாளைக் காலை அதிலிருந்தே ஆரம்பியுங்கள்.

எழுதி முடித்ததும் முதல் அத்தியாயத்தை எனக்கு அனுப்புங்கள் தம்பி. அந்த இரண்டாவது பில்லைப் போட்டது யார் என்று உங்கள் கடிதத்தில் நீங்கள் சொல்லவே இல்லை.