மருத்துவத் துறையில் பிளாக்செயின் நிஜமாகவே பயன்படுகிறதா, வெறும் பேச்சுதானா?

பயன்படுகிறது. ஆனால் பலரும் நினைக்கிற வேலைக்கு இல்லை. பிளாக்செயின் என்பது, எழுதியதை யாரும் சத்தமில்லாமல் மாற்ற முடியாதபடி பதிவுகளைச் சங்கிலி மாதிரி கோத்து வைக்கும் டிஜிட்டல் பேரேடு.

போன வருடம் அப்பாவுக்கு வலது கண்ணில் கண்புரை ஆபரேஷன். வீட்டுக்கு வந்து டிஸ்சார்ஜ் சம்மரியைப் பிரித்தால் 'இடது கண்' என்று இருக்கிறது. திரும்பப் போய்ச் சொன்னேன். கவுன்ட்டரில் இருந்த பெண் நாலு தட்டுத் தட்டி, புதிதாக ஒரு பிரிண்ட் எடுத்துக் கொடுத்துவிட்டு, பழையதை வாங்கி வைத்துக்கொண்டார். புதியதிலும் அதே தேதி, அதே நேரம். திருத்திய சுவடே இல்லை. தப்பு சரியானதில் சந்தோஷம்தான். ஆனால் நாளைக்கு ஒரு வழக்கு என்று வந்தால் எந்தக் காகிதத்தை நம்புவது?

ஐரோப்பாவில் இருக்கும் குட்டி நாடான எஸ்டோனியாக்காரர்களுக்கும் இதே கவலைதான். 2007-ல் அவர்களுடைய அரசுத் தளங்கள், வங்கிகள் மேல் பெரிய சைபர் தாக்குதல் நடந்தது. மறு வருடமே நாடு முழுக்க மின்னணு மருத்துவப் பதிவேடு தொடங்கினார்கள். அப்புறம் 2016-ல், பத்து லட்சம் பேருக்கும் மேலானவர்களின் பதிவுகளுக்குக் கார்ட்டைம் என்ற உள்ளூர் நிறுவனத்தின் பிளாக்செயினைக் காவல் வைப்பதாக அறிவித்தார்கள்.

இதில் ரிப்போர்ட் எதுவும் சங்கிலியில் ஏறுவதில்லை. அது வழக்கம்போல சர்வரில்தான் கிடக்கும். அதிலிருந்து கணக்கிட்ட 'ஹாஷ்', அதாவது கைரேகை மாதிரி ஒரு குறியீடு, அது மட்டும்தான் போகும். 'இடது' என்பதை 'வலது' ஆக்கினால் கைரேகையே வேறாகிவிடும். இப்படி வருகிற கைரேகைகளை ஜோடி ஜோடியாகச் சேர்த்துச் சுருக்கி, கடைசியில் மிஞ்சும் ஒற்றைக் குறியீட்டை ஃபைனான்சியல் டைம்ஸ் நாளிதழில் அச்சடித்திருக்கிறது கார்ட்டைம். அச்சாகி ஊரெல்லாம் போன பேப்பரை எந்த ஹேக்கர் திருத்துவான்!

ரிப்போர்ட்டையே பிளாக்செயினில் ஏற்றித் தருகிறோம் என்று யாராவது வந்தால் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். ஏற்றினால் அழிக்க முடியாது. ஐரோப்பாவில் 2018 முதல் நடப்பில் இருக்கும் தரவுச் சட்டமோ, தன் தகவலை அழிக்கச் சொல்லும் உரிமையைப் பல சமயங்களில் குடிமகனுக்குத் தருகிறது.

இன்னொன்று. டைப் செய்கிறவர் முதலிலேயே 'இடது' என்று அடித்தால், அந்தத் தப்பையும் பிளாக்செயின் பத்திரமாகக் காப்பாற்றும். அப்பா விஷயத்தில் பிளாக்செயின் இருந்திருந்தாலும் முதல் காகிதம் தப்பாகத்தான் வந்திருக்கும். இரண்டாவது காகிதத்தில் பழைய நேரத்தைப் போட்டுச் சமாளித்திருக்க முடியாது, அவ்வளவுதான் வித்தியாசம். இப்போது என்னிடம் இருக்கிற ஒரே ஆதாரம், பழைய காகிதத்தைக் கொடுப்பதற்கு முன் போனில் எடுத்த படம். அதுவும் கொஞ்சம் மங்கல்.